செய்திகளை ஸ்கேன் செய்வதா, வயதைக் கேட்பதா, தடை போடுவதா? குழந்தைப் பாதுகாப்புக்கு எந்த வழி?

“இணையத்தில் குழந்தைகளைப் பாதுகாக்க ஒரு சட்டம் வேண்டுமா?” என்று தெருவில் நிறுத்திக் கேட்டால், வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? 2023-இல் ஐரோப்பிய ஆணையம் தன் யூரோபாரோமீட்டர் கருத்துக்கணிப்பில் ஏறக்குறைய இதைத்தான் கேட்டது. தான் முன்வைத்த சட்டத்துக்கு நான்கில் மூன்று பேருக்கு மேல் ஆதரவு என்று முடிவும் வந்தது. அதே காலத்தில், அந்தச் சட்டத்தை எதிர்ப்பவர்கள் 13 நாடுகளில் 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் வேறொரு கணிப்பு எடுத்தார்கள். உங்கள் செய்திகளை நிறுவனங்கள் அலசிப் பார்ப்பது சரியா என்று கேட்டதற்கு, மூன்றில் இரண்டு பேர் கூடாது என்றார்கள். யாரைப் பாதுகாப்பதற்காகச் சட்டமோ, அந்த வயதுக்காரர்கள்தான் இவர்கள்.

இரண்டு கணிப்பையும் நான் நம்புகிறேன். முதல் கேள்வியில் விலை எழுதப்படவில்லை, இரண்டாவதில் எழுதப்பட்டிருந்தது, அவ்வளவுதான். பிரிட்டனில் இன்னும் விசித்திரம். 2025 ஜூலை 25-இல் ஆபாசத் தளங்களுக்கு வயது சரிபார்ப்பு கட்டாயமானபோது, யூகவ் கணிப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் அதை ஆதரித்தார்கள். அவர்களிடமே பயன் இருக்குமா என்று கேட்டால், இருக்காது என்றவர்கள்தான் அதிகம். நல்ல நோக்கம், யாராவது செய்யட்டும், நம்மைத் தொடாமல் இருந்தால் சரி என்பதுதான் பெரும்பாலானோரின் நிலை என்று எனக்குப் படுகிறது.

இந்தியாவில் நாம் இதைப் பற்றி யோசிக்க வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதவாக்கில் நடைமுறைக்கு வருகின்றன. 2025 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆஸ்திரேலியாவைப் போல 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சமூக ஊடகத்தைத் தடுக்கும் சட்டத்தை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்று சொன்னது. நாளைக்கு உங்கள் பிள்ளையின் பள்ளியில், பெற்றோர் கூட்டத்தில், தேர்தல் மேடையில் இது பேச்சாக வரும். கை தூக்குவதற்கு முன் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவது நல்லது.

நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இதுதான்: எந்த ஆபத்தைத் தடுக்க இந்த வழி? அதற்காக யாருடைய தகவல் யார் கைக்குப் போகிறது? தவறு நடந்தால் மாட்டிக்கொள்பவர் எங்கே போய் முறையிடுவார்? கடைசியாக, நம் வீட்டில் ஒரே போனை நான்கு பேர் பயன்படுத்தும் நிலையில் இது நடக்குமா?

செய்திகளையும் படங்களையும் ஸ்கேன் செய்வது

இதிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் நிஜமான பலனும் நிஜமான ஆபத்தும் ஒன்றாக இருக்கின்றன.

2009-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் டார்ட்மவுத் கல்லூரியின் ஹானி ஃபரீத் என்ற பேராசிரியரும் சேர்ந்து ஃபோட்டோடிஎன்ஏ என்ற கருவியை உருவாக்கினார்கள். ஏற்கெனவே காவல்துறையிடம் சிக்கி, குழந்தை வன்கொடுமைப் படம் என்று உறுதியான ஒரு படத்தை எடுத்து, அதற்குக் கைரேகை போன்ற ஓர் எண்ணைத் தயாரிப்பது. அதன் பெயர் ஹேஷ். இணையத்தில் ஏற்றப்படும் படங்களின் ஹேஷை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டால், படத்தை மனிதர் பார்க்காமலேயே பழைய படத்தை அடையாளம் காணலாம். அமெரிக்காவில் காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையத்துக்கு 2023-இல் மட்டும் 3.6 கோடிக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. அவற்றில் ஏறக்குறைய 89 லட்சம் இந்தியாவோடு தொடர்புடையவை, எல்லா நாடுகளிலும் அதிகம். நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2019-இல் அந்த மையத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அங்கிருந்து வரும் தகவலை மாநிலக் காவல்துறைகளுக்குப் பிரித்து அனுப்புகிறது. தமிழ்நாட்டில் இந்த வகையில் கைதானவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். பெரும்பாலும் தொடக்கப்புள்ளி இந்த ஹேஷ்தான்.

இது வரைக்கும் எனக்கு மறுப்பில்லை. ஒரு நிறுவனத்தின் சர்வரில், திறந்தபடி கிடக்கும் படங்களில், ஏற்கெனவே உறுதியான படத்தை மட்டும் தேடுவது என்றால் தவறு நடக்கும் வாய்ப்பு குறைவு.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், இதையே இன்னும் இரண்டு படி தள்ளிக்கொண்டு போகும்போது. 2022 மே மாதம் ஐரோப்பிய ஆணையம் கொண்டுவந்த முன்மொழிவில், தெரிந்த படங்களோடு, இதுவரை யாரும் பார்த்திராத புதிய படங்களையும், ஒரு பெரியவர் பிள்ளையிடம் ஆசைகாட்டிப் பேசும் உரையாடலையும் நிறுவனங்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்று உத்தரவிடலாம் என்றிருந்தது. வாட்ஸ்அப், சிக்னல் போல அனுப்புபவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாத செயலிகளுக்கும் இது பொருந்தும். அப்படியானால் செய்தி பூட்டப்படுவதற்கு முன்பே, உங்கள் போனுக்குள்ளேயே சோதனை நடக்க வேண்டும். எதிர்ப்பாளர்கள் இதற்கு ‘சாட் கண்ட்ரோல்’ என்று பெயர் வைத்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது.

போனுக்குள் சோதனை செய்வதை முதலில் முயன்றது ஆப்பிள். 2021 ஆகஸ்டில் அறிவித்தார்கள். ஐகிளவுடுக்குப் போகும் படங்களைப் போனிலேயே ஒப்பிடுவோம், சுமார் 30 படங்கள் பொருந்தினால்தான் மனிதர் பார்ப்பார், ஒரு கணக்கு தவறாகச் சிக்கும் வாய்ப்பு வருடத்துக்கு ஒரு லட்சம் கோடியில் ஒன்று என்றார்கள். கொஞ்ச நாளில் ஆய்வாளர்கள் அந்த நிரலைப் பிரித்து, சம்பந்தமே இல்லாத இரண்டு படங்களுக்கு ஒரே ஹேஷ் வருவதைக் காட்டினார்கள். 90-க்கும் மேற்பட்ட அமைப்புகள் கூட்டுக் கடிதம் எழுதின. அடுத்த மாதமே திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2022 டிசம்பரில் கைவிடப்பட்டது. அவர்களின் பயம் ஆப்பிளைப் பற்றியது மட்டும் இல்லை. போனுக்குள் பட்டியலோடு ஒப்பிடும் கருவி ஒன்று வந்துவிட்டால், பட்டியலில் என்ன சேர்ப்பது என்று நாளைக்கு எந்த அரசும் கேட்கலாம். போராட்டச் சுவரொட்டியை, அரசியல் கார்ட்டூனைச் சேர்க்கச் சொன்னால் வெளியில் தெரியவே தெரியாது.

தவறு நடந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 2021-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, தன் சின்ன மகனுக்குப் பிறப்புறுப்பில் வீக்கம் என்று மருத்துவருக்கு அனுப்புவதற்காகப் படம் எடுத்தார். கோவிட் காலம், மருத்துவமனை தரப்பிலிருந்தே கேட்ட படம். அது கூகுளின் தானியங்கிச் சோதனையில் சிக்கியது. அது பட்டியலில் இருந்த பழைய படம் இல்லை. புதிய படங்களை ஊகிக்கும் மென்பொருள் பிடித்தது. காவல்துறை விசாரித்து, குற்றம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தது. அதற்குப் பிறகும் மின்னஞ்சல், தொடர்பு எண்கள், குடும்பப் படங்கள் எல்லாம் இருந்த அவருடைய கணக்கைக் கூகுள் திருப்பித் தரவில்லை. அமெரிக்காவின் பெரிய பத்திரிகை ஒன்று எழுதியும் நிறுவனம் அசையவில்லை. இதே நிலை திருநெல்வேலியில் ஒருவருக்கு வந்தால் அவர் யாரிடம் போவார் என்று யோசித்துப் பாருங்கள்.

எண்ணிக்கையையும் பார்க்கலாம். அயர்லாந்துக் காவல்துறைக்கு 2020-இல் அமெரிக்க மையத்திலிருந்து வந்த 4,192 தகவல்களில், உண்மையிலேயே குழந்தை வன்கொடுமைப் படம் என்று உறுதியானவை 852. ஐந்தில் ஒரு பங்கு. வாட்ஸ்அப்பில் ஒரு நாளில் 10,000 கோடிச் செய்திகள் போவதாக அந்த நிறுவனமே 2020-இல் சொன்னது. ஒரு மென்பொருள் பத்து லட்சத்துக்கு ஒன்று மட்டுமே தவறாகப் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு நாளும் ஒரு லட்சம் அப்பாவிச் செய்திகள் யாரோ ஒருவரின் மேசைக்குப் போகும். பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற துல்லியம், பேச்சு வழக்கையும் கேலியையும் அலசும் எந்த மென்பொருளுக்கும் இன்றைக்கு எட்டாத கனவு. “டேய் உன்னக் கொன்னுடுவேன்” என்பதை அது எப்படிப் படிக்குமோ!

ஐரோப்பாவில் இந்தக் கதை எப்படிப் போனது? ஐரோப்பிய நாடாளுமன்றம் 2023 நவம்பரிலேயே, பூட்டிய செய்திகளைத் தொடக்கூடாது என்றது. 2025 அக்டோபரில் ஜெர்மனி கட்டாயச் சோதனைக்கு மறுத்ததும் வாக்கெடுப்பு கைவிடப்பட்டது. நவம்பரில் உறுப்பு நாடுகள் ஒத்துக்கொண்ட நிலைப்பாட்டில் கட்டாயம் போய், விரும்பும் நிறுவனங்கள் தொடரலாம் என்பது மட்டும் இருந்தது. மூன்று வருடம் விவாதித்த பிறகு வந்து சேர்ந்த இடம் இது.

நம் ஊரில் இதே கேள்வி வேறு உடையில் வந்தது, அதுவும் சென்னையில். 2018-இல் சைபர் குற்றங்களைத் தடுக்கச் சமூக ஊடகக் கணக்குகளோடு ஆதாரை இணைக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் போடப்பட்டன. அங்கே விசாரணை நகர்ந்து, ஆதார் விலகி, ஒரு வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதாக மாறியது. முடியும் என்று சென்னை ஐஐடியின் பேராசிரியர் காமகோடி வழி சொன்னார். அது எளிதில் ஏமாற்றக்கூடியது என்று மும்பை ஐஐடியிலிருந்து மறுப்பு வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021 பிப்ரவரியில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளில், முதல் அனுப்புநரைக் காட்ட வேண்டும் என்ற கட்டளை இடம்பெற்றது. குழந்தை வன்கொடுமைப் படங்கள் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பூட்டை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அங்கே சொன்னது.

வயதைச் சரிபார்ப்பது

இதில் செய்தியை யாரும் படிப்பதில்லை. வாசலில் வயது மட்டும் கேட்கிறார்கள். முகத்தைக் காட்டு, அடையாள அட்டையைக் காட்டு, கிரெடிட் கார்டைக் காட்டு. பிரிட்டனில் இது நடைமுறைக்கு வந்த அன்றே, எந்த நாட்டிலிருந்து இணைகிறோம் என்பதை மறைக்கும் விபிஎன் செயலிகளைப் பதிவிறக்குவோர் எண்ணிக்கை எகிறியது. சட்டத்தை நீக்கக் கோரிய மனுவில் 5 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். ஒரு வீடியோ கேம் பாத்திரத்தின் முகத்தை கேமரா முன் காட்டி வயது சோதனையைத் தாண்டிய கதையும் பரவியது.

கிண்டல் ஒருபுறம் இருக்கட்டும். தாண்ட முடிகிறது என்பதே ஒரு சட்டத்தைக் குப்பையில் போடக் காரணமாகாது. எட்டு வயதுப் பிள்ளை தற்செயலாக ஆபாசத் தளத்துக்குள் போவதை இது தடுக்கிறது. விபிஎன் போடத் தெரிந்த பதினாறு வயதுக்காரனை மட்டும்தான் தடுக்காது. எனக்கு இருக்கும் கவலை, அந்த அடையாள அட்டைகள் போய்ச் சேரும் இடம். 2025 அக்டோபரில் டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியின் நிறுவனம், தன் வாடிக்கையாளர் சேவையைக் கவனித்த வெளி நிறுவனம் ஒன்றின் வழியாகச் சுமார் 70,000 பேரின் அடையாள அட்டைப் படங்கள் கசிந்திருக்கலாம் என்று ஒத்துக்கொண்டது. வயது தொடர்பான முறையீட்டுக்காக மக்கள் அனுப்பிய படங்கள் அவை.

தொழில்நுட்ப ரீதியாக இதற்கு மாற்று உண்டு. அடையாளத்தைச் சரிபார்ப்பவருக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று தெரியக்கூடாது. தளத்துக்கு நீங்கள் யார் என்று தெரியக்கூடாது. ‘18-க்கு மேல்’ என்ற ஒரே தகவல் மட்டும் போக வேண்டும். இப்படிச் செய்தால் வயது சரிபார்ப்பை, ஆபாசத் தளம், சூதாட்டம் என்ற குறுகிய வட்டத்துக்கு மட்டும், நான் ஏற்பேன். பேசுவதற்கும் படிப்பதற்கும் கூடும் தளங்களுக்கு ஏற்க மாட்டேன்.

16 வயது வரை தடை

ஆஸ்திரேலியா 2024 நவம்பரில் சட்டம் நிறைவேற்றி, 2025 டிசம்பர் 10 முதல் அமல்படுத்தியது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட், யூடியூப், எக்ஸ் என்று பத்துத் தளங்கள். மீறினால் நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை. வாட்ஸ்அப் பட்டியலில் இல்லை. அரசு அடையாள அட்டையை மட்டுமே ஒரே வழியாகக் கேட்கக்கூடாது என்பதும் சட்டத்தில் உண்டு, நல்ல ஏற்பாடு. சட்டம் நிறைவேறும் நேரத்தில் எடுத்த கணிப்பில் 77 சதவீதம் பேர் ஆதரவு. சில வாரங்களில் 47 லட்சம் கணக்குகள் மூடப்பட்டதாக அரசு சொன்னது.

அந்த எண்ணைப் பார்த்து நம்மவர்கள் மயங்க வேண்டாம். அங்கே ஒரு பிள்ளைக்கு ஒரு போன், ஒரு கணக்கு என்பது சாதாரணம். நம் நிலைமை வேறு. கிராமப்புறப் பிள்ளைகளின் கல்வி நிலையைக் கணக்கெடுக்கும் ஏசர் 2024 ஆய்வின்படி இந்தியக் கிராமப்புறங்களில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 82 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரியும். அவர்களில் சொந்தமாகப் போன் வைத்திருப்பவர்கள் மூன்றில் ஒரு பங்கு போலத்தான். மற்றவர்கள் அப்பாவின் போனில், அக்காவின் கணக்கில்தான் இன்ஸ்டாகிராம் பார்க்கிறார்கள். அந்தக் கணக்கில் இருக்கும் வயது 42. எந்தச் சோதனை வைத்தாலும் அது பாஸ்.

தடையால் இன்னொரு கெடுதலும் உண்டு. திருட்டுத்தனமாகப் பார்க்கும் பெண் பிள்ளையை யாராவது படத்தை வைத்து மிரட்டினால், அவள் வீட்டில் சொல்வாளா? “நீ ஏன் அங்கே போனாய்?” என்பதுதான் முதல் கேள்வியாக வரும் என்று அவளுக்குத் தெரியும். மிரட்டுபவனுக்கு அதைவிட வேறென்ன வசதி வேண்டும்?

பெற்றோர் சம்மதம்: நம் சட்டம் தேர்ந்தெடுத்த வழி

மேலே சொன்ன டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ஆம் ஆண்டினது; அதன் 9-ஆம் பிரிவு இது. 18 வயது ஆகாதவரின் தகவலைத் திரட்டுவதற்கு முன், சரிபார்க்கத்தக்க பெற்றோர் சம்மதம் வேண்டும். தவறினால் ரூ.200 கோடி வரை அபராதம். நிறுவனத்திடம் ஏற்கெனவே இருக்கும் விவரத்தை வைத்தோ, டிஜிலாக்கர் போன்ற சேவை தரும் டோக்கனை வைத்தோ பெற்றோரின் வயதைச் சரிபார்க்கலாம் என்கின்றன விதிகள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு பிள்ளையைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் எல்லாரிடமும் வயதைக் கேட்டாக வேண்டும். குழந்தைக்கான சட்டம் பெரியவர்களின் அடையாளத்தைக் கேட்பதில் முடிகிறது. 18 என்ற எல்லையும் உதைக்கிறது. கல்லூரி முதலாண்டில் சேர்ந்து விடுதியில் தங்கியிருக்கும் பதினேழு வயதுப் பெண், ஊரிலுள்ள அப்பாவின் ஓடிபிக்குக் காத்திருக்க வேண்டுமா? பெற்றோரே பிரச்சினையாக இருக்கும் வீடுகளும் உண்டு. போக்சோ வழக்குகளில் பெரும்பாலானவற்றில் குற்றவாளி குழந்தைக்குத் தெரிந்தவர், பல சமயம் குடும்பத்துக்குள்ளேயே இருப்பவர். மனநலம், குழந்தைப் பாதுகாப்பு சார்ந்த சில சேவைகளுக்கு விலக்கு இருக்கிறது, ஆனால் பிள்ளை முதலில் தேடிப் போவது அந்தச் சேவையாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது.

இந்தப் பிரிவில் ஒரு நல்ல வரி இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதற்கும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதற்கும் தடை. தனியுரிமையும் குழந்தைப் பாதுகாப்பும் ஒன்றையொன்று தின்னும் என்ற பேச்சுக்கு அந்த ஒரு வரி நல்ல பதில். அங்கே இரண்டும் ஒரே பக்கம் நிற்கின்றன.

வடிவமைப்பிலேயே பாதுகாப்பு

இன்னொரு வழி சத்தமில்லாதது. ஐபோனில் ஒரு வசதி இருக்கிறது. பிள்ளையின் போனுக்கு நிர்வாணப் படம் வந்தால் போனே அதை மங்கலாக்கி, பார்க்க வேண்டாம் என்றும் யாரிடம் உதவி கேட்கலாம் என்றும் சொல்கிறது. ஆப்பிளுக்கோ காவல்துறைக்கோ எந்தத் தகவலும் போவதில்லை. 2021-இல் இதை அறிவித்தபோது, 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளை அப்படத்தைப் பார்த்தால் பெற்றோருக்குத் தானாகத் தகவல் போகும் என்று இருந்தது. வன்முறை நிறைந்த வீடுகளில் அது பிள்ளைக்கே ஆபத்து என்று பலர் சொன்னதும் எடுத்துவிட்டார்கள். இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரிலிருந்து பதின்வயதினர் கணக்குகளை இயல்பாகவே தனிப்பட்டதாக மாற்றி, முன்பின் தெரியாதவர் செய்தி அனுப்புவதைத் தடுக்கத் தொடங்கியது. 2025-இல் இந்தியாவுக்கும் வந்தது.

குறை இல்லாமல் இல்லை. பிறந்த தேதியைப் பொய்யாகப் போட்டால் இதுவும் வேலை செய்யாது. நிறுவனத்தை நம்ப வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் குற்றவாளியை இது பிடிக்கவே பிடிக்காது. ஆனால் தவறாக வேலை செய்தால் நடக்கும் கெடுதல் என்ன? ஒரு குளியல் படம் தேவையில்லாமல் மங்கலாகும். யார் வீட்டுக் கதவையும் போலீஸ் தட்டாது. பொய்த் தேதி போட்ட கணக்கிலும், அப்பாவின் கணக்கிலும்கூட, தெரியாதவரின் படம் முதலில் மங்கலாக வருவதை எல்லாருக்கும் பொதுவான அமைப்பாக்கிவிட்டால் வயதைக் கேட்கவே தேவையில்லை.

என் வரிசை இப்படி: முதலில் வடிவமைப்பு வழி, அதை நிறுவனத்தின் நல்லெண்ணத்துக்கு விடாமல் சட்டக் கடமையாக்க வேண்டும். அதோடு, பூட்டப்படாத சேவைகளில் உறுதியான படங்களை மட்டும் ஹேஷ் வைத்துத் தேடுவது தொடர வேண்டும், தவறாகச் சிக்கியவர் முறையிட இந்தியாவிலேயே ஓர் இடம் இருக்க வேண்டும். பிறகு ஆபாச, சூதாட்டத் தளங்களுக்கு மட்டும், பெயர் தெரியாத வயது டோக்கன். பெற்றோர் சம்மதத்தை 18-லிருந்து 16-க்கோ அதற்குக் கீழோ இறக்கி வைத்துக்கொள்ளலாம். 16 வயதுத் தடை நமக்குப் பொருந்தாது. போனுக்குள் ஸ்கேன் செய்து வெளியே தகவல் அனுப்புவது எந்த நிலையிலும் கூடாது.

இதை ஏற்காதவர்கள், மறைவான செய்திகளில் நடப்பதை அப்படியே விட்டுவிடுவதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மெட்டா நிறுவனம் 2023 டிசம்பரில் மெசஞ்சரைப் பூட்டத் தொடங்கிய பிறகு, 2024-இல் அமெரிக்க மையத்துக்கு வந்த புகார்கள் சுமார் 2 கோடியாகக் குறைந்தன. எண்ணும் முறை மாறியது ஒரு காரணம், பூட்டு இன்னொரு காரணம். சில குற்றவாளிகள் தப்புகிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பிடிக்க வேறு வழிகள் திறந்தே இருக்கின்றன: பாதிக்கப்பட்ட பிள்ளையே செய்தியைக் காட்டிப் புகார் தரலாம், குழுக்களில் காவல்துறையினர் மறைமுகமாகச் சேரலாம், கைப்பற்றிய போனைத் திறந்து பார்க்கலாம். அத்தகைய படத்தைப் பதிவிறக்கி வைத்திருப்பதும் குற்றமாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை ரத்து செய்தே சொல்லியிருக்கிறது. சட்டத்தில் பற்றாக்குறை இல்லை. 2023-இல் வந்ததுபோல ஒரே வருடத்தில் 89 லட்சம் தகவல் வரும்போது அதைப் பிரித்துப் பார்க்க எத்தனை பயிற்சி பெற்ற ஆட்கள், எத்தனை தடய அறிவியல் ஆய்வகங்கள் என்பதில்தான் பற்றாக்குறை. அதற்கான பணத்தை எந்தக் கருத்துக்கணிப்பும் கேட்பதில்லை.

பெற்றோர் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தால், சட்டத்துக்குக் காத்திருக்காமல் அன்றே செய்யக்கூடியவை இரண்டு உண்டு. ஏசர் ஆய்வில் சமூக ஊடகம் பயன்படுத்தும் பிள்ளைகளில் பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்குத்தான் கணக்கைத் தனிப்பட்டதாக மாற்றத் தெரிந்திருந்தது. ஒருவரை பிளாக் செய்யத் தெரிந்தவர்கள் அதைவிடச் சற்று அதிகம். பள்ளியிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைக் கற்றுக்கொடுக்க ஒரு வகுப்பு நேரம் போதும். அப்புறம், 1098 குழந்தைகள் உதவி எண்ணையும் 1930 சைபர் குற்ற எண்ணையும் பிள்ளையின் போனில் அல்ல, வீட்டின் பொதுப் போனில் சேமித்து வையுங்கள். சொந்தப் போன் இல்லாத பிள்ளைதான் நம் ஊரில் அதிகம்.